நாரைக்குப் பிறகு வாத்து

என் தம்பி சந்திரன் பதினோரு வருடங்களில் எனக்கு அனுப்பிய மிக நீளமான செய்தி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நான் பெட்டியோடு இறங்கி நின்றபோது வந்தது. "வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் வருவார். அடுப்படிக்குக் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டாக்கிவிடலாம் என்கிறார். உனக்குச் சம்மதமா, இல்லையா? வியாழக்கிழமைக்குள் சொல்." அவ்வளவுதான். நலமா என்று இல்லை, போய்ச் சேர்ந்தாயா என்று இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாட்ஜ் எங்கே என்று விசாரிக்கப் போனேன்.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் உங்களுக்குப் புரியாது. மலேசியாவில் கெடா மாநிலத்தில், நெல் வயல்களுக்கு நடுவே அப்பா விட்டுப்போன வீட்டில் நானும் தம்பியும் இருக்கிறோம். எனக்கு ஐம்பத்தெட்டு, அவனுக்கு ஐம்பத்தைந்து. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் மனைவி இறந்து நெடுநாளாகிறது. அம்மா படுக்கையில் கிடந்தபோது மீன் குழம்பு கேட்டாள். டாக்டர் கூடாது என்றிருந்தார். நான் கஞ்சி கொடுத்தேன். அவன் எனக்குத் தெரியாமல் குழம்பு வைத்து ஊட்டிவிட்டான். நாலு நாளில் அம்மா போய்விட்டாள். காரியம் நடந்த வீட்டில், சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும், "நீதான்டா கொன்னே" என்று சொன்னேன். அதற்கப்புறம், இந்தப் பதினோரு வருடமாக, நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை.

சண்டையும் போட்டதில்லை. அதுதான் விசேஷம். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை அடுப்படி அவனுடையது. எட்டிலிருந்து ஒன்பது வரை என்னுடையது. குளிர்பெட்டியில் மேல் இரண்டு தட்டு எனக்கு, கீழ் இரண்டு அவனுக்கு. கேஸ் தீர்ந்தால் குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். "அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும், ஒரு சத்தம் உண்டா?" என்று அக்கம்பக்கத்தில் எங்களைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டுவார்கள்.

நான் எங்கள் வட்டார நெல் விவசாயிகள் சங்கத்தில் வயல் உதவியாளன். எங்கள் பக்கத்தில் நத்தை பெரிய தொல்லை; நட்ட நாற்றை மறுநாளே மொட்டையடித்துவிடும். அதற்காகச் சிலர் வயலில் வாத்து விடுகிறார்கள். கொஞ்ச வருடங்களாக எங்கிருந்தோ நத்தைகுத்தி நாரைகளும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. மூடினாலும் நடுவில் சந்து தெரிகிற அலகு, பாக்குவெட்டி மாதிரி. அதற்கும் நத்தைதான் சாப்பாடு. 'எங்கள் வாத்தின் வாயிலிருந்து பிடுங்குகிறது' என்று வாத்துக்காரர்கள் வெடி கொளுத்தி நாரையை விரட்டுகிறார்கள். 'நாரையும் வாத்தும் காலங்காலமாக ஒரே வயலில் மேய்கிற ஊருக்குப் போய், அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவா' என்று மேலதிகாரி என்னை அனுப்பினார். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். கேள்வித்தாள் ஒன்றும் கொடுத்திருந்தார். முதல் கேள்வி இதுதான்: 'ஒரே இரையைத் தின்னும் இரண்டு உயிர்கள் ஒரே இடத்தில் போட்டியில்லாமல் இருப்பது எப்படி?' எனக்குச் சிரிப்பு வந்தது. என்னையே கேட்டிருந்தால் விமான டிக்கெட் மிச்சமாகியிருக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு லாட்ஜுக்கு எதிரே இருந்த மெஸ்ஸுக்குப் போனேன். நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு. நான் உட்கார்ந்த கையோடு அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இடம் கொண்ட மட்டும் உட்கார்ந்துகொண்டார்கள். மிச்சம் ஒருவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டோடு வாசலில் நின்று சாப்பிட்டார். இட்லியும் வடகறியும். வடகறி அருமை, எங்கள் ஊரில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பல் போலக் காலையிலேயே நாக்கைத் தட்டி எழுப்பும். ஆனால் ஒரு மனிதரை நிற்க வைத்துவிட்டுச் சாப்பிட்டால் எப்படித் தொண்டையில் இறங்கும்?

பாய் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஏயர மணிக்கு மெஷின்காரங்க. எட்டரைக்கு ஆபீஸ்காரங்க வந்துருவாங்க. நீங்க ஒம்பதரைக்கு வாங்க. கடையே காலியா இருக்கும், நிம்மதியா நாஷ்டா பண்ணலாம்."

கடல் தாண்டி வந்தும் எனக்கென்று ஒரு தனி நேரம் ஒதுக்கிவிட்டார்கள். சரி, பழகியதுதானே என்று தலையாட்டினேன். வாத்துக்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டேன். "சாலவாக்கம் ரோட்ல கீறாங்க. பஸ்ல போனா தெரியும்" என்றார். மதியத்துக்கு நாலு சப்பாத்தி பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

டவுன் பஸ்ஸில் ஏறி, வாத்து மேய்கிற இடத்தில் இறக்கிவிடச் சொன்னேன். "வாத்து இன்னா சார் ஸ்டாப்பிங் பாத்தா மேயுது?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். ஆனால் பஸ் தானாகவே நின்றது. ரோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கழனியிலிருந்து அந்தப் பக்கத்துக் கழனிக்கு நூற்றுக்கணக்கில் வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரன் அடித்தார். வாத்துகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "இதுங்க தாண்டி முடியறதுக்குள்ள எம் புள்ள ஸ்கூல் வுட்டே வந்துரும்" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள்.

விட்டால் போதும் என்று குதித்து இறங்கினேன். கடைசி வாத்து தாண்டியது, பஸ் புறப்பட்டது. அப்புறம்தான் தோளைத் தடவிப் பார்த்தேன். பை இல்லை. ரப்பர் பூட்ஸ், தொலைநோக்கி, பாயின் சப்பாத்தி எல்லாம் சாலவாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

வாத்துகளுக்குப் பின்னால் நீள மூங்கில் கழியோடு வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நுனியில் பிளாஸ்டிக் உறை கட்டிய கழி. "இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டியா?"

"பஸ்ஸை விடவில்லை, பையை விட்டுவிட்டேன்."

"அது எங்க பூடும்? திரும்ப இதே வழியா தான வரணும்."

அவர் பெயர் ஏழுமலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி சரசா கொஞ்ச தூரத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் பெருநகர் என்கிற கிராமத்துப் பக்கம். அறுவடை முடிகிற இடமெல்லாம் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். கழனி ஓரத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம், வாத்துகளை அடைக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு வலைப் பட்டி, அவ்வளவுதான் குடித்தனம். மலேசியாவிலிருந்து வாத்து பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் ஏழுமலை மனைவியைக் கூப்பிட்டு, "ஏ சரசா, இவரு நம்ம வாத்த பாக்க ஏரோப்ளேன்ல வந்துக்கீறாரு" என்றார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.

மதியம் இருவரும் கூடாரத்து நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு. வாசனை என் வயிற்றைப் பிடித்து இழுத்தது. "வா சார், வந்து குந்து. ஒரு வாய் துன்னு" என்றாள் சரசா. பசியில்லை என்று சொல்லிவிட்டு நாலு பனைமரம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பசி இல்லாமலா? காதை அடைத்தது. அடுத்தவர் சாப்பிடும் நேரத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது பதினோரு வருடத்தில் எனக்குள் அப்படி ஊறிப்போயிருக்கிறது. மூன்று மணிக்கு அதே பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியே பையை நீட்டி, "வாத்து கெடச்சிதா சார்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை பாய் சொன்ன ஒன்பதரைக்கே போய்ச் சாப்பிட்டேன். நீள மேசைக்கு நான் ஒருவன். பையன்கள் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாய் வாசலுக்கு வெளியே பேப்பர் படித்தார். வடகறி ஆறிப்போயிருந்தது. அறையிலும் பேச ஆள் இல்லை, இங்கேயும் இல்லை. முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கழனிக்குப் போய்ச் சேரப் பத்தரை. ஆனால் அன்றைக்குப் பார்த்ததை மறக்க முடியாது. இரண்டு கழனி பக்கம்பக்கமாக இருந்தன. ஒன்று அறுப்பு முடிந்து காய்ந்த தாளடி. மற்றது பள்ளம், இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர். வாத்துகள் பள்ளத்துக் கழனியில் அலகால் சேற்றை அரித்துக்கொண்டு ஒரு பாய் விரித்தது போலப் போயின. அவற்றின் வால் பக்கமாக வெள்ளைக் கொக்குகள் நடந்தன. வாத்துக் காலுக்குப் பயந்து துள்ளுகிற தவளையும் பூச்சியும் அவற்றுக்கு. வரப்போரத்துக் குட்டையில் அரிவாள்மூக்கன் ஏழெட்டு, வளைந்த மூக்கைக் கண் வரைக்கும் சேற்றில் விட்டுத் துழாவின. அது எட்டுகிற ஆழம் வேறு யாருக்கும் எட்டாது. மடையான் கொக்கு ஒன்று வாய்க்கால் மடையில் சிலை மாதிரி நின்று மீனுக்குக் காத்திருந்தது. காய்ந்த கழனியில் ஆட்காட்டிகள் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கின. நாரைகள் மட்டும் ஒன்றும் செய்யாமல் தூரத்து வரப்பில் ஒற்றைக் காலில் வரிசையாக நின்றன. அவை தின்று போட்ட காலி நத்தை ஓடுகள் வரப்பெல்லாம் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். எந்தப் பறவை, எவ்வளவு ஆழம், என்ன இரை, எந்த நேரம். எழுத எழுத எனக்கு ஒரு பெருமை. ஆழமாக ஒருவன், மேலாக ஒருவன். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். இது எங்கள் குளிர்பெட்டிதானே! மேல் தட்டு எனக்கு, கீழ் தட்டு அவனுக்கு. உலகத்தில் எல்லா உயிரும் இப்படித்தான் நிம்மதியாக வாழ்கிறது, நாங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்று தோன்றியது. அங்கேயே, வரப்பில் உட்கார்ந்தபடி, தம்பிக்கு 'சம்மதம்' என்று தட்டினேன். கழனிக்கு நடுவே சிக்னல் இல்லை. அது அனுப்பப்படாமல் அப்படியே நின்றது.

லாட்ஜுக்கு வந்த பிறகு சிக்னல் நன்றாகவே இருந்தது. மறுபடி அனுப்பட்டுமா என்று கைபேசி கேட்டது. நான் பதில் சொல்லவில்லை.

புதன்கிழமை வாத்துகளை வேறு எங்கோ ஓட்டிப் போயிருந்தார்கள். தேடிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பெரிய ஏரிக்கரையில் நடந்தேன். கரை நீண்டுகொண்டே போனது. தண்ணீருக்கு நடுவில் கூழைக்கடாக்கள் மிதந்தன, நீர்க்காகங்கள் முங்கி எழுந்தன. பெரிய கோயிலில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. காலேஜ் பிள்ளைகள் கூட்டமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் கைபேசியை நீட்டி, "அங்கிள், ஒரு போட்டோ" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். "நீங்க தனியாவா வந்துக்கீறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். எனக்குச் சுருக்கென்றது. வெளியூரில் தனியாக இருப்பதற்காக யாராவது பாவப்படலாம், அது இயல்பு. வீட்டில் இருக்கும்போதும் நான் இப்படித்தான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் மெஸ் வேண்டாம், ஒன்பதரை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம் என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். வாத்துகள் பழைய இடத்துக்கே, அந்தப் பள்ளத்துக்கு அடுத்த பள்ளத்துக்கு வந்திருந்தன. ஏழுமலை முட்டைகளை ஏற்றிக்கொண்டு மொபெட்டில் உத்திரமேரூருக்குப் போயிருந்தார். சரசா தூரத்துப் பம்பு செட்டில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த காட்சி எனக்குப் பொறுக்கவில்லை. வாத்துகளெல்லாம் வலைக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டு நிற்கின்றன. வலைக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது நாரைகள் ஆற அமர நத்தை பொறுக்குகின்றன. எங்கள் ஊர் வாத்துக்காரர்கள் சொன்னது கண்ணெதிரே நடக்கிறது! இந்த ஜனங்களுக்கு வெடி வாங்கக்கூட வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திங்களன்றும் செவ்வாயன்றும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார்கள். யாரிடமும் எதுவும் கேட்காமல் சீட்டு ஒட்டி வாழ்ந்தவனுக்குக் கேட்கிற பழக்கம் எங்கே இருக்கிறது? தோளில் இருந்த துண்டை எடுத்தேன். சேற்றில் இறங்கி, கையைத் தட்டி, துண்டை வீசி, "ஹோய் ஹோய்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நாரைகள் ஒட்டுமொத்தமாக எழும்பிப் போயின. எதிரே இருந்த உயரக் கால்கள் போய்விட்டதைப் பார்த்ததும் வாத்துகள் வலையைச் சாய்த்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தன. எனக்கு ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

சரசா குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னைத் திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. நேரே வாத்துகளுக்குள் புகுந்தாள். ஒரு வாத்து கழுத்தை வானத்துக்கு நீட்டி, வாயைப் பிளந்து தள்ளாடியது. அதைப் பிடித்து மடியில் வைத்து, தொண்டையில் இருந்த புடைப்பைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்தி அழுத்தித் தள்ளினாள். எலுமிச்சம்பழம் அளவு நத்தை ஒன்று வெளியே வந்து விழுந்தது. வாத்து மூச்சு வாங்கியது. அதற்குள் இன்னொன்று நாலடி தள்ளி விழுந்துவிட்டது. அதையும் எடுத்து அழுத்திப் பார்த்தாள். கழுத்து துவண்டுவிட்டது. மற்ற வாத்துகளை நாங்கள் இருவருமாக வலைக்குள் திரும்ப அடைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"இன்னா சார் பண்ணிட்ட நீ?" என்றாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"நாரையே எல்லாவற்றையும் தின்றுவிட்டால் உங்கள் வாத்துக்கு மிஞ்சாதே என்று…"

"அது துன்றத இது துன்னாது சார். பெரிய நத்தைய அது எடுத்துக்கும். பொடி நத்த, உதுந்த நெல்லு, அதான் இதுக்கு. அது மொதல்ல எறங்கி பெருசெல்லாம் பொறுக்கிக்கினு கரைல போய் நின்னா தான் நாங்க வலைய தூக்குவோம். இல்லன்னா இது காலங்காத்தால பசில பெருச முயுங்கிட்டு, தொண்டைல நின்னு பூடும்."

"நாரை வரவே இல்லையென்றால்?"

"வர்லன்னா அந்த கயனில நாங்க வுடவே மாட்டோம். அது இருந்தா தான் இது பொழைக்கும்."

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்கு வந்தவன் நாடகத்தின் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று கட்டம் போட்டேனே தவிர, ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கிறது என்பது என் நோட்டில் இல்லை. வெட்கமாக இருந்தது. செத்த வாத்தைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வாத்துக்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன். சரசா பார்க்காத மாதிரி வலையைக் கட்டினாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் செய்ய வாணாம். சாயங்காலம் எங்கியும் பூடாத. இத கொயம்பு வெக்கறேன், குந்தி துன்னுட்டு போ. வெரட்னது நீ, பசில்லன்னு மட்டும் சொல்லாத."

அவள் வாத்தைச் சுத்தம் செய்யும்போது இரைப்பையைக் கீறி என்னைக் கூப்பிட்டாள். முந்தைய நாள் தின்றது உள்ளே இருந்தது. நெல், மணல், நொறுங்கிய நத்தை ஓடு. கடுகு முதல் வேர்க்கடலை வரைக்கும்தான் அளவு. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. பையிலிருந்த நாரையின் காலி ஓடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றும் எலுமிச்சை, சாத்துக்குடி அளவு. மேலதிகாரியின் கேள்வித்தாளுக்கு முழு விடையும் ஒரு அலுமினியத் தட்டில் இருந்தது. படமெடுத்துக்கொண்டேன்.

மொபெட்டில் திரும்பி வந்த ஏழுமலையிடம் நடந்ததையும் எங்கள் ஊர் வெடிக் கதையையும் சொன்னேன். வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "உங்க ஊர்ல நெசமாவே வெடி போட்டா வெரட்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்."

"அப்ப வாத்து சாவுமே சார்."

"சில சமயம் சாகும். நோய் என்று நினைத்து மருந்து வைக்கிறோம்."

அவர் மனைவியைப் பார்த்தார். இருவரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

ஐந்தேகாலுக்கே வாத்துகளைப் பட்டியில் அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெயில் இன்னும் பனைமரத்து மேல் இருந்தது. எனக்கு ஒரு தட்டு, அவர்களுக்கு ஒரு தட்டு. மிளகு தூக்கலாக அரைத்து வைத்த குழம்பு. முதல் வாய் வைத்தேன். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மெல்லுகிற சத்தம், எலும்பைக் கடிக்கிற சத்தம், "இன்னும் கொஞ்சம் போடு" என்கிற சத்தம். இதையெல்லாம் கேட்டு எவ்வளவு காலம்!

"வூட்ல யாரு கீறாங்க சார்?" என்று சரசா கேட்டாள்.

"தம்பி."

"சமையலு?"

"அவனவன் சமையல் அவனவனுக்கு. அவன் நேரம் வேற, என் நேரம் வேற."

"ஒரே வூட்லயா?"

"ஒரே அடுப்பு."

சரசா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பேஜாரு சார் அது" என்றாள். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை. எங்கள் ஊர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இப்போது எட்டு. அடுப்படி என்னுடைய நேரம். அங்கே நான் இல்லை, அவ்வளவுதான். விடிந்தால் வெள்ளி, கொத்தனார் வந்துவிடுவார். 'சம்மதம்' இன்னும் கைபேசியில் அனுப்பப்படாமல் கிடந்தது. கூடாரம் ரோட்டோரமாக இருந்ததால் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. இடது கையால் எடுத்து, அந்தச் செய்தியை அழித்துவிட்டு, தம்பியின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தான்.

"என்ன?" என்றான்.

சுவரைப் பற்றித்தான் பேச நினைத்தேன். வாயில் வந்தது வேறு. எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி. கடைக்காரரைக் கேட்போம், தபால்காரரைக் கேட்போம். ஒரே வீட்டில் இருக்கிற இவனைப் பதினோரு வருடமாக நான் கேட்கவில்லை.

"பசியாறிட்டியா?"

துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"இன்னும் இல்ல" என்றான்.

"ஏன், மணி எட்டாச்சே. உன் நேரம் முடிஞ்சிருச்சே."

"தெரியும்லா." என்றான். "நான் சாப்பிட்டு வந்து படுத்தா, எட்டு மணிக்கு நீ பாத்திரம் உருட்டற சத்தம் கேக்கும். அது கேட்டாத்தான் எனக்குச் சாப்பிட்டது செமிக்கும் போல. நீ போனதுலேர்ந்து ஒண்ணும் சரியில்ல. இன்னைக்குச் சாதத்தை வடிச்சி அப்படியே மூடி வச்சிட்டேன்."

சரசா, "யாரு சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். தம்பி என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"கொத்தனாருக்கு என்ன சொல்லட்டும்?" என்றான் சந்திரன்.

"வர வேணாம்னு சொல்லு." என்றேன். "அம்மாவுக்கு நீ குழம்பு ஊட்டினது தப்பில்லடா. ஆசையா கேட்டாங்க, நீ கொடுத்த. நான் சொன்னதுதான் தப்பு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன். வாத்துக் குழம்பு."

"அப்ப வச்சிடாத. இரு, சாதம் போட்டுக்கிட்டு வரேன்."

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அங்கே நாற்காலி இழுபட்டது. மூடி திறந்தது. கரண்டி தட்டில் பட்டது. ஏழுமலையும் சரசாவும் தங்கள் தட்டில் குனிந்து சாப்பிட்டார்கள். "ம், ஆரம்பி" என்றான் தம்பி. நான் அடுத்த வாயைப் பிசைந்தேன்.